மூன்று நிமிட மிச்சம்

இரண்டாம் பக்கத்தில் நாடா மிஞ்சியது,
மூன்று நிமிடச் சொச்சம்.
ஸ்டூடியோ வாடகை ஓடிக்கொண்டிருந்தது.
"எதையாவது போடு" என்றான் பெர்சி மொன்தேரோ,
ஜெல் தடவிய முடி கலையாமல்.

ஒன்பது பாட்டை ஒன்றரை வருஷம் இழைத்திருந்தோம்.
பெர்லின், நியான், கண்ணாடி நகரம்,
மூவரில் ஒருவரும் பார்த்திராத பனி வேறு.
குவீன்ஸ்டவுனில் ஏது பனி?

ஜுனைடி முகாமிலிருந்து வந்திருந்தான்,
ஒட்ட வெட்டிய தலை,
இரவுக்குள் திரும்பியாக வேண்டும்.
சிந்தசைசரில் இரண்டே சுரம் அழுத்தினான்.
டூம், ட்டிங்.

எங்கள் புளோக்கின் லிப்ட் அது.
ஆறில் நிற்கும். பத்தில் நிற்கும்.
என் வீடு எட்டு.
அந்தச் சனியன் பிடித்த சிந்தசைசரை
இரண்டு மாடி தோளில் ஏற்றியவள் நான்.

கோப்பிக்கடை ரசீதின் முதுகில் எழுதினேன்:
உன் மாடியில் நான் நிற்பதில்லை.
ஆங்கிலத்தில்தான்.
ஆனால் வினைச்சொல்லைக் கடைசிவரை
கெட்டியாகப் பிடித்துவைத்திருந்தேன்,
தமிழில் பிடிப்பதுபோல்.
பெர்சி மூச்சுத் திணறப் பாடினான்.
ஒரே டேக்.

தீபாவளிக்குள் டாக்சிகளில் அது,
ஸ்கேட்டிங் அரங்கில் அது.
பிடோக்கிலிருந்து ஒருத்தி கடிதம் போட்டாள்:
அவன் போன இரவு முப்பது முறை கேட்டாளாம்.
காதல் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.
நான் மறுக்கவில்லை.
பனியைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை.

முதல் காசோலை வந்த அன்று
பத்துவரை போய்,
இரண்டு மாடி இறங்கி நடந்தேன்.
வெறுங்கை.
முதுகுக்குப் பின்னால் லிப்ட்
என் பாட்டை
அரைச் சுரம் பிசகிப் பாடிக்கொண்டு
கீழே போனது.