நாற்பது கோபெக்

அட்டை கழன்ற அந்தப் புத்தகத்தில்
முப்பத்தோராம் பக்கத்தோடு கதை நின்றுவிடும்.
உப்புக் கேட்டுப் போன பெண்
சதுப்பு நிலத்து ஆந்தைக்காரியின் கதவைத் தள்ளுகிறாள்.
உள்ளே
அவ்வளவுதான்.
அடுத்தது பின்னட்டை. விலை நாற்பது கோபெக்.

உள்ளே நாற்பது கோபெக் இருந்தது என்றுதான்
வெகுநாள் நினைத்திருந்தேன்.
எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயதில்
விலையும் கதைதான்.

பிறகு நானே இட்டு நிரப்பினேன்.
ஒருநாள் உள்ளே பீட்ரூட் சூப் கொதித்தது.
ஒருநாள் ஆந்தைக்காரி தலைவாரிவிடச் சொன்னாள்,
சீப்போடு இறகுகள் வந்தன.
அப்பாவின் மீன்பிடிக் கப்பல் திரும்பாத குளிர்காலத்தில்
அவர் உள்ளே உட்கார்ந்து
பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

நாற்பத்தாறு வயதில்
டார்ட்டு நகர நூலகம் ஒன்று கழித்துக்கட்டிய குவியலில்
முழுப் பிரதி கிடைத்தது. ஒரு யூரோ.
லிஃப்டுகளைச் சோதித்துச் சான்று கொடுப்பது என் வேலை.
அந்த நூலகத்து லிஃப்டுக்கு
இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிடுகிற வியாதி.
கையெல்லாம் கிரீஸ்.
முப்பத்திரண்டாம் பக்கத்தை முழங்கையால் புரட்டினேன்.

மூன்றே வரி.
உள்ளே ஆந்தைக்காரி தூங்கிக்கொண்டிருந்தாள்.
பெண் அவள் சிறகுகளைக் கதவோடு வைத்து ஆணி அடித்தாள்.
உப்பு மூட்டையோடு ஊர் திரும்பி ஆலைக்காரன் மகனை மணந்தாள்.

துர்க்குவில் கப்பல் பட்டறையில் இருக்கும் அண்ணனை அழைத்தேன்.
அவன் பின்னால் இரும்பு கத்தியது.
உர்மாஸ், அந்த ஆந்தைக்காரி கதை
என்று ஆரம்பித்தேன்.
"நான்தான் கிழித்தேன்" என்றான்,
நாற்பது வருடமாக நுனிநாக்கில் வைத்திருந்தவன் போல.

நான் அழுதிருப்பேன். அதனால்தானே?

"நீ எங்கே அழுதாய், லீவி?
அம்மா அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் கைதட்டுவாய்.
இன்னொரு ஆணி, இன்னொரு ஆணி என்பாய்.
உனக்கு நாலு வயசு. பக்கத்துக் கட்டில்.
எனக்குத் தூக்கமே வராது."

பக்கத்தை என்ன செய்தாய்?

"தின்றுவிட்டேன். பசை ருசி.
வேறெங்கே ஒளித்தாலும் நீ தேடி எடுத்திருப்பாய்."
சிரித்தான். நானும் சிரித்தேன்.
மேஸ்திரி கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டான்.

எத்தனை வீட்டுக் கதவுகளை
சூப் வாசனை வருமென்று நம்பித் தள்ளியிருக்கிறேன்.
விவாகரத்துக் கோர்ட்டில்கூட
எதிர்த்தரப்பு வக்கீல் சொன்னார்,
இவ்வளவு சாதுவான பெண்ணைப் பார்த்ததில்லை என்று.
அதை நானும் நம்பினேன்,
ஏழு வயசுப் பையன் ஒருவனின் வயிற்றில்
அந்த அச்சுமை கரைந்தது தெரியாமல்.

இரவு, சமையலறை விளக்கின் கீழ்
மூன்று வரியையும் வாய்விட்டுப் படித்தேன்.
இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்து
அவற்றையே பார்த்தபடி.