இரண்டு விரற்கடை நைட்ரஜன்

பூம்பாறை வளைவில் மண் சரிந்து
இன்றோடு நான்கு நாள்.
திண்டுக்கல்லிலிருந்து நைட்ரஜன் கொண்டுவரும் வண்டி
கொடைக்கானலோடு நிற்கிறது.
மன்னவனூரில்
என் கட்டிலுக்கடியில்
மூன்று லிட்டர் குடுவை
வெள்ளையாய் மூச்சு விட்டுவிட்டுக்
காலியாகிக்கொண்டிருக்கிறது.

மரக்குச்சியை உள்ளே விட்டெடுத்துக்
காற்றில் ஆட்டினேன்.
பனி பூத்த உயரம்தான் இருப்பு.
போன வாரம் அரைச் சாண்.
இப்போது இரண்டு விரற்கடை.

அதில் பதினொரு உறைவிந்துக் குழல்கள்.
பேனா ரீஃபிலை விடவும் மெலிசு.
ஒவ்வொன்றிலும் இரண்டு கோடி உயிர்
அசையாமல்.
நான்கு குழலுக்கு உரிய காளை
செத்து ஆறு வருடம்.
எண் மட்டும் சாகவில்லை.
அதன் மகள்கள் இன்னும் பிறந்துகொண்டிருக்கிறார்கள்,
எந்த ஊரில் என்று எனக்கே தெரியாது.

காலை ஏழுக்கு
கவுஞ்சியிலிருந்து தவமணி கூப்பிட்டாள்.
"ஊசியக்கா, விடியலிலிருந்து கத்துது.
கண்ணாடி மாதிரி ஒழுகுது."
காலையில் கண்டால் மாலையில்,
மாலையில் கண்டால் மறுநாள் காலையில்.
நான் படித்த படிப்பில்
இந்த ஒன்று மட்டும் பொய்த்ததில்லை.

போனைப் பிடுங்கினான் முருகாண்டி:
"இருபது லிட்டர் காளை இருக்குல்ல,
கருப்பு வெள்ளை, அதையே போடுங்க."

இருக்கிறது. ஏழு குழல்.
போன ஐப்பசியில்
அந்தக் காளையின் மகளொருத்தி
உன் பங்காளியின் பூண்டு வயல் மேட்டில் சறுக்கி
இடுப்பொடிந்து கிடந்தாளே,
எட்டுப் பேர் தூக்கியும் எழவில்லையே,
அதை நான் போனில் சொல்லவில்லை.
சாயங்காலம் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

பகல் முழுக்க அட்டவணையைப் பார்த்தேன்.
பால், கொழுப்பு, மடி, காம்பு,
கடைசியில் "பாதம்" என்று ஒரு பத்தி.
சமவெளியில் அதை யாரும் படிப்பதில்லை.
செத்த காளைக்கு அங்கே "நன்று" என்றிருந்தது.
மகள்களுக்கு ஒன்பது லிட்டர்.
கன்று சிறுசு, ஈனும்போது சிரமமில்லை.
கேரட் தழைக்கும் கிக்குயு புல்லுக்கும்
ஒன்பது போதும்.
அதற்கு மேல் கறக்க வேண்டுமென்றால்
தீவன மூட்டையும் இந்தச் சரிந்த ரோட்டில்தான்
ஏறி வர வேண்டும்.

தொழுவத்தில் ஆறு டிகிரி குளிர்.
தவமணி கொண்டுவந்த தண்ணீரில்
முழங்கையை வைத்துப் பார்த்தேன்,
பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டும் சூடு.
குழலை அதில் போட்டு
அரை நிமிடம் எண்ணினேன்.
இருநூற்று முப்பத்து மூன்று டிகிரி ஏறி
செத்த காளை எழுந்து நின்றது
எவர்சில்வர் டம்ளருக்குள்.

"எந்தக் காளை?" என்றான் முருகாண்டி.
"மலையில நிக்கிற காளை."
அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு வாலைப் பிடித்துக்கொண்டான்.
தோள்வரை உறை மாட்டி
இடது கையை உள்ளே விட்டேன்.
அன்றைக்கு இந்த மலை முழுவதிலும்
சூடாக இருந்த இடம்
அந்தச் செவலைப் பசுவின் வயிறுதான்.

ஆறாம் நாள் வண்டி வந்தது.
அதற்குள் மரக்குச்சியில் பனி பூக்கவில்லை.
மீதிப் பத்துக் குழலையும்
பதிவேட்டில் கழித்தேன்.
"காரணம்" என்ற கட்டத்தில்
மழை என்று எழுதினேன்.
இருபது லிட்டரும் ஒன்பது லிட்டரும்
ஒரே வாளியில் கரைந்து போயின.

இருபத்தோராம் நாள்
நானே கூப்பிட்டேன்.
"கத்துதா?"
"கத்தலைக்கா."
"நேத்து ராத்திரி?"
"இல்லை. சும்மா அசைபோட்டுட்டு
சாணியாப் போடுது.
பூண்டுக்கு ஆச்சு."

அறுபதாம் நாள் கைவிட்டுப் பார்க்கும்வரை
எதையும் எழுதக்கூடாது.
பென்சிலால்
மெல்லிசாய் ஒரு புள்ளி வைத்தேன்.