இரண்டு மணி ஷிப்டு

தடைக்காலம் முடிந்து
மண்டபத்து விசைப்படகுகள் கடலுக்குப் போன அன்றே
ஐஸ் கம்பெனியில் இரண்டாவது மெஷினையும் ஓட்டிவிட்டார்கள்.
சகுபர் அலிக்கு மதியம் இரண்டு முதல் இரவு பத்து வரை.

சாகவில்லை. துபாய்க்குப் போகவில்லை.
முழங்கால்கூட நன்றாகத்தான் இருக்கிறது.
எங்கள் மைதானத்தின் கிழக்குக் கொடியிலிருந்து
முந்நூறு அடி தள்ளி
ரப்பர் பூட்சோடு நிற்கிறான்.
ஆட்டம் முழுக்க எங்களுக்கு
ஐஸ் நொறுங்கும் சத்தம் கேட்கும்.

தடைக்காலத்து அறுபத்தொரு நாளில் நாங்கள் தோற்கவே இல்லை.
அதன்பின் ஆறு ஆட்டம்.
நாலு தோல்வி, ஒரு டிரா.
ஜெயித்த ஒன்று
தேவிபட்டினத்துக்காரர்கள் வந்த வேன்
உச்சிப்புளியில் பஞ்சரானதால்.

நான் கோல்கீப்பர்.
எல்லார் முதுகையும் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை.
பழைய நண்டுவலை கட்டிய கம்பத்தடியில் நின்று சொல்கிறேன்:
அவன் வருஷத்துக்கு இரண்டு கோல் போட்டால் அதிகம்.
ஜனம் கத்தியதெல்லாம் ஆன்றோ பெயரை.
கச்சான் மணலை வாரி அடிக்கும் சாயங்காலத்தில்
பந்து எங்கே இறங்கும் என்று
பந்துக்கு முன்னால் தெரிந்து
இரண்டடி நகர்ந்து நிற்பான்.
அவ்வளவுதான்.
அந்த இரண்டடியில்தான்
பத்துப் பேரும் அவரவர் இடத்தில் இருந்தோம்.

அவன் இடத்தில் ரெக்ஸனைப் போட்டோம்.
ஓடினான். யப்பா, என்னமாய் ஓடினான்.
எல்லாப் பந்துக்கும் ஓடினான்,
நம்ம ஆள் காலில் இருந்த பந்துக்கும்.
அடுத்த வாரம் ரெக்ஸனோடு முனியசாமியையும் போட்டோம்.
இவன் எடுப்பான் என்று அவனும்
அவன் எடுப்பான் என்று இவனும்
மரியாதையாக விட்டுக்கொடுத்தார்கள்.
பந்து வராத மரியசூசை
இடது ஓரத்தை விட்டு நடுவுக்கு வந்து தேட,
அவன் விட்ட ஓரத்தை அடைக்க பேக் போக,
பேக் விட்ட இடத்தில்
நான்.
வலையில் ஒரு கண் அறுந்தால்
ஒரு மீன் போகும் அளவுதான் என்று நினைக்கிறோம்.
இழுக்க இழுக்கத்தான் தெரிகிறது.

பெரியபட்டினத்தோடு ஆடும்போது
ஒன்றுக்கு ஒன்று நின்ற நேரம்
கரண்ட் போனது.
ஐஸ் மெஷின் நின்றது.
ரெபரி உட்பட எல்லார் தலையும் ரோட்டுப் பக்கம்.
கேட் வரை வந்தான்.
சட்டையில் கையைத் துடைத்தான்.
அங்கேயே நின்றான்.

காற்றைத் தவிர வேறு சத்தமில்லாத அந்த நேரத்தில்தான்
எனக்கு உறைத்தது:
எங்களில் யாரும் பேசுவதே இல்லை.
முதுகுக்குப் பின்னால் ஆள் வந்தால், "ஆளு!"
வராவிட்டால், "நேரம் இருக்கு, திரும்பு."
இவ்வளவையும் அவன் ஒருத்தனே
ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

சரி, நான் சொல்லலாமே.
"ரெக்ஸா, நேரம் இருக்கு!"
நம்பினான் பாவி.
நிதானமாகத் திரும்பினான்.
நேரம் இல்லை.
எகிறி விழுந்ததில் என் சுண்டுவிரல் மடங்கியது,
பந்து நண்டுவலையில் கிடந்தது.
கரண்ட் வந்துவிட்டது.

இரவு விரலுக்கு ஐஸ் வாங்கப் போனேன்.
ஒரு துண்டை சாக்கில் சுற்றிக் கொடுத்தபடி
"எத்தனை?" என்றான்.
"மூணு ஒண்ணு."
யாருக்கு மூணு என்று கேட்கவில்லை.

ஈரத் தரையில் ஒரு பார்
அவனுக்குப் பின்னாலிருந்து சறுக்கி வந்தது.
திரும்பிப் பார்க்கவில்லை.
இரண்டடி நகர்ந்தான்.
பூட்சின் உட்பக்கத்தால் லேசாக ஒரு தொடல்,
அத்தனை கனமும் தானாகத் திரும்பி
நேராகப் போனது
மெஷின் வாய்க்குள்.