மீதி

ருவியிலிருந்து மத்ராவுக்குப் போகும் டவுன் பஸ்.
ஏறியதும் என் வலது கை
இல்லாத தோல்பையைத் தடவியது.

விடுப்பில் வந்திருக்கிறேன்.
பதினாறு நாள்.
மணப்பாறைக் கிளை மேலாளர்
மூக்கால் சிரித்துக் கையெழுத்துப் போட்ட விடுப்பு.
"வெள்ளிக்கிழமை கார் எடுக்கிறேன் மாமா,
அதுவரைக்கும் பொறுங்க" என்றான்
மச்சினன் சவரியப்பன்.
பஸ் ஓடுகிற ஊரில்
காருக்குக் காத்திருப்பதா?
பத்தொன்பது வருஷம்
வண்டிக்குள்ளேயே நடந்து
பழநிக்கும் திருச்சிக்கும் போனவன் நான்.

கண்டக்டர் இல்லை.
முதலில் நம்பவில்லை.
படிக்கட்டைப் பார்த்தேன், கடைசி சீட்டைப் பார்த்தேன்,
டீ குடிக்கப் போயிருப்பாரோ என்று
வெளியேயும் ஒருதரம் எட்டிப் பார்த்தேன்.
ஓட்டுகிறவரே டிக்கெட்டும் கொடுக்கிறார்.
இஸ்திரி கலையாத சட்டை,
நெஞ்சில் ஹிலால் என்று பெயர்.

ஒரு ரியால் நீட்டினேன்.
டிக்கெட் முந்நூறு பைசா.
பெட்டியைத் திறந்தார், மூடினார்.
ஐந்து விரலையும் ஒன்றாய்க் குவித்து
மெல்ல மேலும் கீழும் ஆட்டினார்.
அரபு தெரியாது. ஆனால்
இறங்கும்போது வாங்கிக்கங்க
என்பது எனக்குத் தெரியாதா?

டிக்கெட்டின் முதுகில் எழுதித் தருவாரென்று
கொஞ்சம் நின்றேன்.
எழுதவில்லை.

ஆரோக்கியமேரி முன்னால், பெண்கள் வரிசையில்.
நான் பின்னால்.
பழக்கத்தில் தலை எண்ணினேன்: இருபத்துமூன்று.
ஒருத்தரும் படியில் தொங்கவில்லை.
ஒரு மூட்டைக்கும் லக்கேஜ் போட வேண்டியதில்லை.
உள்ளே போங்க, உள்ளே போங்க என்று
கத்துவதற்கு
ஒரு காரணமும் இல்லாத வண்டி.
எனக்கே என் தொண்டை
யாரோ கொடுத்துவைத்துப் போன சாமான் மாதிரி இருந்தது.

தோலுரித்த மலைகள் விலகின.
ஆரோக்கியமேரி திரும்பி,
"ஏங்க, கடல்! கப்பல்!" என்றாள்.
நான் ஹிலாலின் பிடரியைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பார்வை எனக்குப் பழக்கம்.
எட்டு ரூபாய் பாக்கிக்காகத்
துவரங்குறிச்சி வரை
என் முதுகில் ஊர்ந்த பார்வை.
ஒரு கண் தூங்கும்,
ஒரு கண் என் பையில் இருக்கும்.
கேட்டால் அற்பம்,
கேட்காவிட்டால் எட்டு ரூபாய்.
"ஓடியா போயிருவேன்?" என்று
எத்தனை பேரிடம் எரிந்து விழுந்திருப்பேன்!
சில நாள், ஆமாம்,
ஓடித்தான் போயிருக்கிறேன்.
ரெண்டு விசில் கொடுத்தால்
எந்தக் கடனும் பின்னால் போய்விடும்.

மத்ரா.
தொப்பி வைத்த வெள்ளைக்காரர்கள்
அவரிடம் ஏதோ வழி கேட்டார்கள்.
அவர் கை நீட்டிக் காட்டினார்,
திரும்பக் காட்டினார், சிரித்தார்.
என் முறை வந்தது.
நாக்கு எழவில்லை.
காக்கி போட்டவன்
இன்னொரு காக்கியிடம் எப்படிக் கேட்பது?
"ஷுக்ரன்" என்றேன்,
பாக்கியை நான்தான் வைத்திருப்பவன்போல,
இறங்கினேன்.

கதவு மூடி வண்டி நகர்ந்தபிறகுதான்
ஆரோக்கியமேரி கணக்குச் சொன்னாள்:
"எழுநூறு பைசா. நம்ம காசுக்கு
நூத்தம்பதுக்கு மேல வரும்."

என் விரல்கள் என்னைக் கேட்கவில்லை.
ரெண்டும் வாய்க்குப் போய்
அடித்தன
ஒற்றை விசில்.
கன்னியாகுமரியிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை
எந்த வண்டியும் நிற்கும் விசில்.

பஸ் நிற்கவில்லை.
ஒழுங்காக இண்டிகேட்டர் போட்டு
வளைவில் திரும்பிப் போய்விட்டது.

நின்றது வேறொருவன்.
மீன் சந்தை வாசலில்
ஐஸ் பெட்டி தூக்கிப் போனவன்
பிரேக் பிடித்ததுபோல் அப்படியே நின்றான்.
தண்ணீர் சொட்டச் சொட்ட,
பெட்டியை இறக்காமல்,
முழு உடம்போடு திரும்பினான்.

"எந்த டிப்போண்ணே?"

சொன்னேன்.
தானும் அறந்தாங்கியில்
எட்டு மாதம் தற்காலிகம் என்றான்.
"நிரந்தரம் ஆகலை" என்றான்.
அதைப் பற்றி மேலே பேசவில்லை.
வாவல் மீன் என்ன விலை என்று
ஆரோக்கியமேரி கேட்டாள்.

அவன் காதிடுக்கில் பேனா இருந்தது.
அதை வாங்கி
டிக்கெட்டின் முதுகில்
நானே எழுதிக்கொண்டேன்:
700.
கீழே ஒரு கோடும் போட்டேன்.