இரும்புக் குழாயின் வசூல்

அக்டோபர் இரண்டாம் ஞாயிறோடு
பூங்காவுக்குத் தண்ணீரை நிறுத்திவிடுவோம்.
உறைந்து வெடிக்காமலிருக்க
ஒவ்வொரு குழாயாகக் காற்றடித்துக்
கடைசிச் சொட்டையும் துப்பவைப்பது என் வேலை.
அதன்பின் வருகிறவர்களை வரவேற்க
வாசலில் ஓர் இரும்புத் தூண் மட்டும்.
மார்பளவு உயரம், பச்சைப் பெயின்ட்,
உண்டியல்போல் ஒரு கீறல் வாய்.
பணத்தை உறையிலிட்டு
வண்டி எண் எழுதித்
தள்ளிவிட்டுப் போகலாம்.
தள்ளாமலும் போகலாம்.
பார்க்க ஏரி மட்டும்தான் இருக்கிறது,
அதற்கும் அன்றாடம் ஆயிரம் வேலை.

செவ்வாய்தோறும் பூட்டைத் திறக்கிறேன்.
சாவி விரலோடு ஒட்டும் குளிர்.
நான் வாசிக்க ஆர்விட் பேரேட்டில் எழுதுவார்.
திடல் பதினொன்று, ஓர் இரவு, இருபது டாலர்.
திடல் நான்கு, இரண்டு இரவு,
முப்பதுதான் இருந்தது, மீதி மீன் பிடிபட்டால்.
திடல் ஒன்பது:
காசில்லை, பதிலுக்குக் கழிப்பறையைக்
கழுவி வைத்திருக்கிறேன், போய்ப் பாருங்கள்.

போய்ப் பார்த்தோம்.
கழுவித்தான் இருந்தது, எங்களைவிட நன்றாக.
ஆர்விட் தொகைக் கட்டத்தில்
நீளமாய் ஒரு கோடு இழுத்தார்.
அந்தக் கோட்டுக்கு என்ன பொருளென்று
செயின்ட் பால் அலுவலகத்திலிருந்து
இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

ஒருமுறை சட்டைப் பொத்தான்.
ஒருமுறை கனடாக் காசு.
ஒருமுறை,
'உங்கள் ரக்கூன் என் ரொட்டியைத் தின்றது,
நான்கு டாலர் கழித்துக்கொண்டேன்.'

இந்த வாரம் ஓர் உறை கனத்தது.
குலுக்கினேன். பணம் இப்படிப் பேசாது.
உள்ளே ஒரு கல்,
பாதிப் பாக்கு அளவு,
மங்கல் சிவப்பில் வரி வரியாய் ஓடும் அகேட்.
மளிகைச் சீட்டின் பின்பக்கம் எழுதியிருந்தது:
'எண்பத்தேழில் எடுத்தது. எனக்கு ஒன்பது வயது.
சாக்ஸுக்குள் வைத்துக் கொண்டுபோனேன்.
கல் எடுக்காதே என்ற பலகையை
அப்போதே எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டேன்.
இருந்த இடத்தில் வைத்துவிடுங்கள்.'
பெயரில்லை.
ஒருநாள் அனுமதிக்கு ஏழு டாலர், சரியாக.

இருந்த இடம்.
கரையே இருந்த இடத்தில் இல்லை.
நவம்பர்ப் புயல் ஒவ்வொன்றும்
கூழாங்கற்களை அள்ளிக் கலைத்து
வேறு கணக்கில் அடுக்கிவிட்டுப் போகிறது.
எண்பத்தேழின் கரையில் இன்று ஆல்டர் புதர்,
புதருக்குள் ஓர் உணவுமேசையின் ஒற்றைக் கால்.

'வண்டிப்பாதைக் குழிக்கு ஜல்லி கொட்டத்தானே போறோம்,
அதுல போட்டுடு வென்லா.'
ஆர்விட் சொன்னதில் தப்பில்லை.
அவருக்கு மூட்டுவலி,
இன்னும் பதினாறு மேசைகளைக் கவிழ்க்க வேண்டும்.

நான்கு மணிக்கு நான் மட்டும் இறங்கினேன்.
நூற்று நான்கு படி,
கடைசி ஏழில் மணல்.
ஈரத்துக்கும் உலர்ந்ததற்கும் நடுவே
குத்துமதிப்பாய் ஓர் இடம் பார்த்து வைத்தேன்.
ஓர் அலை வந்து நக்கிவிட்டுப் போனது.

அவ்வளவுதான்,
கல் எரிய ஆரம்பித்தது.
உள்ளே யாரோ தீக்குச்சி கிழித்து
ஒவ்வொரு வரியாய் ஏற்றிக்கொண்டே போவதுபோல்
ஆரஞ்சு, ரத்தச்சிவப்பு, பாலேடு போல ஒரு வெள்ளை.
இந்தக் கரையில் பதினோரு வருடம்
குப்பை பொறுக்கியிருக்கிறேன்.
அடுத்தவர் பைகளைப் பார்த்து
'சார், அதைக் கீழே போடுங்கள்' என்றிருக்கிறேன்.
ஒரு கல்லுக்காகவும் என் கை இப்படி
தானாக நீண்டதில்லை.

முதுகைத் திருப்பிக்கொண்டேன்.
இருபது அலைவரை எண்ணினேன்.
திரும்பியபோது எல்லாக் கல்லும் நனைந்திருந்தது.
எது அது என்று
சத்தியமாய்த் தெரியவில்லை.

'எந்தக் கட்டத்தில் எழுத?' என்றார் ஆர்விட்.
அனுமதி, ஏழு டாலர் என்றேன்.
பேனா கொஞ்சநேரம் மேலேயே நின்றது.
அப்புறம் பக்கத்துக் கட்டத்தில்
இன்னொரு கோடு.

இரவு வீட்டில் பூட்ஸைக் கழற்றியதும்
சாக்ஸ் இரண்டையும் உதறிப் பார்த்தேன்.
மணல்தான்.
அதையும் கூட்டியெடுத்து
ஒரு பழைய உறையில் போட்டு வைத்திருக்கிறேன்,
செவ்வாய்க்கிழமைக்கு.