எட்டு மாசக் கிடா

அஞ்செட்டி பஸ்ஸில் வந்திறங்கிய லகுமப்பா
மஞ்சள் பையைக் கவிழ்த்தான்.
ஒற்றைக் கொம்பு.
மிச்சத்தைச் சிறுத்தை வைக்கவில்லை.

"பாரஸ்ட்காரங்க கூண்டு வெச்சிருக்காங்க.
உள்ளே கட்ட இன்னொரு ஆடு தரமாட்டேன்.
இதை ஊதினா அவன் கத்தணும்."

வேகவைத்தேன், உள்ளெலும்பு கழன்றது.
பழுத்த சைக்கிள் கம்பியால் துளை போட
மயிர் கருகும் நாற்றம்;
தேன்கனிக்கோட்டை பஜாரில்
பக்கத்து டீக்கடைக்காரன் என்னைத் திட்டினான்.

நாக்குக்கு எக்ஸ்ரே பிலிம்.
யாருடைய விலாவோ,
சுண்டுவிரல் நகமளவு வெட்டினேன்.

முதல் ஊதலில் வாத்து.
அடுத்ததில் டவுன் பஸ்.
உப்புத்தாளால் தேய்த்தேன்,
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.

"இல்லண்ணா. அவன் கத்தினா
கடைசியில குரல் உடையும்"
என்று தன் தொண்டையால் கத்திக் காட்டினான்.
டீ குடித்தவர்கள் சிரித்தார்கள்.

நாக்கின் ஓரத்தில் ஒரு கீறல்.
ஊதினேன்.
பணத்தை எண்ணாமல் வைத்துவிட்டு
கொம்பைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு போனான்.

மூன்றாம் ராத்திரி போன்.
பின்னால் சுவர்க்கோழிச் சத்தம்.
"ஊதினேண்ணா.
சிறுத்தை வரல.
பட்டிப் படலை முட்டித் தள்ளிட்டு
அவன் ஆத்தா வந்து
கூண்டுக்குள்ள நிக்குது.
இப்போ
இதை வெளியே கூப்பிட
நான் எதை ஊத?"