அரைப்பேர்

பொகவந்தலாவைக்குக் கடைசி பஸ் எடுக்க
இன்னும் நாற்பது நிமிஷம்.
அட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, பேக்கரி மாடியில்
மூன்று பிளேன்டீ, இரண்டு மாலு பாண்,
நடுவில் என் சீ.ஆர். கொப்பி.
பதினோராம் அத்தியாயம் வரை படித்துவிட்டுத்தான்
சண்டைக்கு வந்திருந்தார்கள் இருவரும்.

நிறைகோன்.
ஏழாவது கிரகத்தின் அதிபதி.
ஒளித்தூசி பொறுக்கி வருபவர்கள்
அந்தியில் அவன் தராசின் முன் நிற்பார்கள்.
பதினெட்டு அலகு தேறாவிட்டால்
பெயரில் பாதியை வெட்டிவிடுவான்.
மாதுளவேணி அன்றிரவு மாதுள.
மறுநாளும் குறைந்தால் மா.
மூன்றாம் நாள் கூப்பிட ஒன்றுமிராது,
வாய் திறந்து மூச்சு விடுவார்கள்,
அவள் திரும்பிப் பார்ப்பாள்.

"ஒழுங்கானவன்" என்றான் டிலோஜன்.
போன் திருத்துகிறவன், நகக்கண்ணில் ஈயம்.
"பதினெட்டுன்னா பதினெட்டு. சொந்தத் தம்பி பேரையே
வெட்டினானே, ஆறாம் அத்தியாயத்துல?
கெட்டவன்தான். ஆனா கோடு தாண்டாத கெட்டவன்.
வோட்டு கேட்டு வாறவனுகள விட மேல்."

கிஷாந்தினி பாணுக்குள்ளிருந்து மிளகாயைப் பிரித்து
ஓரமாக வைத்தாள்.
"தாறுமாறானவன்.
பதினெட்டு யார் சொன்னது? அவன்.
தூசி நனைஞ்சிருந்தா மூணு கழிவுன்னு? அவன்.
நனைஞ்சிருக்கா இல்லியான்னு பாக்குற கண்ணு?
அதுவும் அவனோடது.
காலையில எழும்பி தனக்குத் தானே எழுதிக்கிறதுக்கு
சட்டம்னா பேரு?"
"எழுதி வச்சா சட்டம்தான்."
"பென்சில்ல எழுதினா?"

கீழே கண்டக்டர் தலவாக்கலை லிந்துல நுவரெலியாவை
ஒரே சொல்லாகக் கூவிக்கொண்டிருந்தான்.
பனி படியேறி வந்து கண்ணாடியில் ஒட்டியது.
படைத்தவளுக்குத் தெரியாதா என்றார்கள்.
தெரியவில்லை.
தராசு கொடுத்தேன், சாம்பல் நிறக் கோட்டு கொடுத்தேன்.
ஆள் பொம்மை மாதிரி நின்றதால்
ஒரு பழக்கமும் கொடுத்தேன்:
எண்ணை எழுதுமுன் பென்சில் நுனியை நாக்கில் தொடுவான்,
அப்போது இடது தோள் மட்டும் ஏறும்.

அந்த வரியில்தான் கிஷாந்தினி விரல் வைத்தாள்.
"இது எங்க அப்பா."

டிலோஜன் கோப்பையை உதட்டிலேயே வைத்திருந்தான்.

ஆமாம். கொழுந்து மடுவத்தில் முப்பது வருஷம்,
என் அம்மாவின் கொழுந்தையும் நிறுத்தவர்.
சாக்குக்கு இரண்டு, தண்ணீருக்கு ஒன்று.
வெயில் காய்ந்த நாளிலும் தண்ணீருக்கு ஒன்று.
அரைப்பேர் என்று அவர் பதிந்த மாலைகளில்
அம்மா அகப்பையைச் சட்டியில் தட்டுகிற சத்தமே வேறு.
அந்தச் சொல்லை நான்
எந்தக் கிரகத்திலிருந்தும் கொண்டுவரவில்லை.

"கோவமா?" என்றேன்.
"மிளகாய் காரம்" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே பேசினாள்.
"தொர மூணு கழிக்கச் சொன்னா மூணு கழிப்பாரு.
அது டிலோஜனோட ஒழுங்கு, வச்சுக்க.
பூங்காவனம் அக்கா புள்ளைய அடக்கம் பண்ணின கிழமை
பதினோரு கிலோவ பதினெட்டுன்னு எழுதிட்டாரு.
ராத்திரி முழுக்க வேர்த்துக் கொட்டிச்சு.
விடியறதுக்குள்ள நாலு தடவ வெளிய போனாரு.
அதுக்கப்புறம் ஒரு நாளும் அப்படி எழுதல.
அந்த ஒரு நாள எங்க வைக்கப் போற?"

டிலோஜன் பில்லைப் பார்த்தான்.
முப்பது ரூபா கூடக் கூட்டியிருந்தார்கள்.
கேட்காமல் கொடுத்துவிட்டு வந்தான்,
எதற்கென்று தெரியவில்லை.

பஸ்ஸில் இரண்டு சீட்டு முன்னால்
அவள் ஜன்னலில் நெற்றியைச் சாய்த்திருந்தாள்.
நான் மடியில் கொப்பியை விரித்தேன். பன்னிரண்டாம் அத்தியாயம்.
ஓர் இரவு நிறைகோன் பொய்யாகப் பதினெட்டு எழுதுகிறான்.
விடிந்ததும் குற்றவாளியைத் தேடி
தன் பெயரையே தராசில் வைக்கிறான்.
கோனை வெட்டினால் நிறை மிஞ்சும்.
நிறையை வெட்டினால் கோன்.

எந்தப் பாதி?
நோர்வூட் பாலத்தில் பஸ் குலுங்கியபோது
நாக்கில் கரி கசந்தது.
பென்சில் நுனி என் வாயில் இருந்தது.